அடுப்படிக்கு மட்டும் கேட்ட குழல்

"கேட்டதைக் கேட்டேன்னு சொல்லுவேன். கேக்காததைக் கேக்கலைன்னு சொல்லுவேன். யாருக்காகவும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

அக்கா இதைச் சொல்லும்போது சண்டைக்கு நிற்பது போலத்தான் இருக்கும். இடுப்பில் ஒரு கை, ஜல்லிக்கரண்டி பிடித்த கை மேலே. காரைக்குடியில் நான் வேலை பார்த்த பலகார வீட்டில் எண்ணெய்ச் சட்டி முழுக்க அவர் பொறுப்பு. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கலாம். எனக்கு இருபது. அஞ்சல் வழியில் பி.காம். படித்துக்கொண்டு, பகலில் அங்கே பலகாரம் அடுக்கிக் கட்டும் வேலைக்குப் போனேன். அவர் எங்களில் யாருக்கும் உறவில்லை. ஆனாலும் அத்தனை பேருக்கும் அக்கா. முதலாளி ஆச்சி அவரைவிட இருபது வயது மூத்தவர், அவரே சில நேரம் வாய் தவறி "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

போன மாதம் ஓர் இசைத்தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து எனக்கு அக்கா நினைப்பாகவே இருக்கிறது. தட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அக்காவின் காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அது லேசுப்பட்ட காது இல்லை. மாவை எண்ணெயில் விட்டதும் எழும் சத்தத்தை வைத்தே, "ஈரம் கூடிப்போச்சு, இன்னுஞ் செத்த நேரம் உலத்தியிருக்கணும்" என்பார். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம், முற்றம் தாண்டிப் பின்னால் ரெண்டாங்கட்டில் இருக்கும் அவருக்குக் கேட்கும். யார் வந்திருக்கிறார்கள் என்று தலையைத் திருப்பாமலே சொல்வார். அந்த வீடோ, வாசலிலிருந்து கொல்லையில் இருப்பவர்களைக் கூப்பிடத் தபால்தான் போட வேண்டும், அவ்வளவு நீளம். "ஒட்டுக் கேக்குறீகளாக்கா?" என்று நாங்கள் கிண்டல் செய்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"நான் எங்கடி ஒட்டுக் கேட்டேன்? அது பாட்டுக்கு வந்து விழுது. கண்ணுக்கு இமை வச்ச சாமி காதுக்குக் கதவு வைக்கலையே, நான் என்ன செய்ய?"

ஒரு தரம் ஆச்சி என்னைக் கூப்பிட்டு விட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது. அவரைக் கஞ்சப் பிசினாரி என்று நான் சொன்னதாக யாரோ போட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் அழத் தொடங்கிவிட்டேன். உள்ளேயிருந்து அக்கா மாவுக் கையோடு வந்தார்.

"ஆச்சி, இவ அப்படிச் சொல்லல. 'மணி ரெண்டாச்சு, பசிக்குது'ன்னு மட்டுந்தான் சொன்னா. கஞ்சப் பிசினாரின்னு சொன்னது நான்."

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு ஒரு மணிக்கே வந்தது. அடுத்த மூன்று நாள் ஆச்சி அக்காவோடு பேசவில்லை. அக்கா அதைக் கண்டுகொள்ளவும் இல்லை. இப்படிப்பட்ட ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பாட்டுப் பெட்டி வந்த கதை வேறு. ஆச்சியின் மாப்பிள்ளை மலேசியாவிலிருந்து ஒரு டேப் செட்டு கொண்டுவந்து கொடுத்தார். செட்டு ஒன்று, ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. ஆச்சி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டு பெட்டி எதுக்குக் கம்பெனிக்காரன் குடுத்திருக்கான்? ரெண்டு எடத்துல வைக்கத்தான். முன்னாடி அடுக்குறவளுக்கு ஒண்ணு, பின்னாடி சுடுறவளுக்கு ஒண்ணு. ஒரு பக்கம் கேட்டு ஒரு பக்கம் கேக்காமப் போனா, நாளைக்கு எங்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்குவீக."

நியாயமான பேச்சு. எங்களில் ஒருத்திக்கும் வேறு யோசனை தோன்றவில்லை. செட்டும் ஒரு பெட்டியும் முன்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தன. இன்னொரு பெட்டி, முற்றத்தைச் சுற்றி ஆணியடித்துக் கொண்டுபோன நீள வயரின் முனையில், ரெண்டாங்கட்டு அடுப்படியில் மாடத்தின் மேல் இருந்தது. கேசட்டைப் போடுவதும் திருப்புவதும் என் வேலை.

கேசட்டுகள் நாலைந்து இருந்தாலும் வேலைக்கு ஓடியது ஒன்றுதான். ஒரு படத்தின் பாட்டு. படம் வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. பாட்டு மட்டும் நின்றுவிட்டது. ஆறு பாட்டு. ஒவ்வொன்றையும் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேனோ, கணக்கில்லை. வயலின் எங்கே ஏறும், தபலா எங்கே ஒரு தட்டு தவறவிடும், பாடுகிற அம்மா எங்கே மூச்சு வாங்குவார், எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என்னைப் பொறுத்தவரை அந்த ஆறு பாட்டும் என் சொந்தச் சொத்து.

அக்கா அந்தப் பாட்டை வைத்துத்தான் சீப்புச் சீடை சுட்டார். சீப்புச் சீடைக்கு மாவை வரிவரியாக அச்சில் தேய்த்து, சுருட்டி வளையமாக ஒட்ட வேண்டும். ஒரு ஈடு சட்டியில் வேகும்போதே அடுத்த ஈட்டைச் சுருட்டி வைத்தால்தான் வேலை ஓடும். சுருட்டும் மணை அடுப்புக்கு முதுகைக் காட்டி இருந்தது. கை மாவில், காது பாட்டில். சட்டியில் போட்டதும் ஜல்லிக்கரண்டியால் விளிம்பில் ரெண்டு தட்டுத் தட்டுவார். நான் மூன்றாவது பாட்டைப் போட வேண்டும். அது ஒரு பெண் தனியாகப் பாடுகிற பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்ததும் அக்கா திரும்பி அள்ளுவார். ஈட்டுக்கு ஈடு ஒரே நிறம். வெயிலில் வைத்த நெல் மாதிரி இருக்கும்.

"சரணம் முடியுறது உங்களுக்கு எப்படிக்கா டக்குன்னு தெரியுது? எண்ணெய்ச் சத்தத்துல வார்த்தையே கேக்காதே" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன்.

"வார்த்தைய யாரு கேட்டா? அந்தக் குழல் வரும்ல, அதான் கணக்கு."

"எந்தக் குழல்?"

அக்கா சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே அந்தக் குழலை முணுமுணுத்துக் காட்டினார். மேலே போய், ஒரு இடத்தில் நின்று, இறங்கி வரும் ஒரு சின்னத் துண்டு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அக்காவாகச் சேர்த்துக்கொண்ட சங்கதி என்று நினைத்தோம். அக்கா சிரிக்கவில்லை.

அந்த வருசம் ஆயுத பூசைக்குச் செட்டைத் துடைத்துப் பொட்டு வைக்கும் வேலை எனக்கு வந்தது. துடைக்கிற வேகத்தில் பின்னால் வயர் செருகுகிற இடம் ஒன்றை உடைத்துவிட்டேன். திருப்பி மாட்டியபோது அடுப்படிப் பெட்டி ஊமையாகிவிட்டது. மலேசியாவிலிருந்து வந்த சாமான், ஆச்சிக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டு பெட்டி வயரையும் ஒன்றாக முறுக்கி, உடையாத இன்னொரு பக்கத்தில் சேர்த்துச் செருகினேன். இரண்டு பெட்டியும் பாடின. பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக என்னை நானே மெச்சிக்கொண்டு, குங்குமத்தை ஒரு சிட்டிகை அதிகமாகவே வைத்தேன்.

மறுநாள் பெரிய இடத்துக் கல்யாணத்துக்குச் சீர்ப் பலகாரம். கல்யாண வீட்டில் பலகாரத்தைப் பரப்பி வைத்து ஊரே பார்க்கும். பத்துச் சீடை சிவந்திருந்தால் போதும், பேச்சு பெண்ணைத்தான் சேரும். அதனால் பெண் வீட்டு ஆச்சியே காலையில் நேரில் வந்து உட்கார்ந்திருந்தார்.

அக்கா முதல் ஈட்டைப் போட்டு ரெண்டு தட்டுத் தட்டினார். நான் மூன்றாவது பாட்டைப் போட்டேன். பாட்டு முடிந்து நாலாவது தொடங்குகிற நேரத்தில் அடுப்படியிலிருந்து ஒரு வாடை வந்தது. ஈடு முழுக்கச் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. அக்கா அதை ஒதுக்கிவிட்டு இரண்டாவது ஈட்டைப் போட்டு மறுபடி தட்டினார். நான் மறுபடி போட்டேன். மறுபடி அதே கதி. அவருக்கு அன்றைக்குச் சட்டியைவிடப் பாட்டின் மேல் நம்பிக்கை. தன் அவசரம்தான் தப்பு, குழல் இனிமேல்தான் வரும் என்று காத்திருந்திருக்கிறார்.

பெண் வீட்டு ஆச்சி எழுந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். எங்கள் ஆச்சிக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்னத்தா இது? இத்தனை வருசத்துல இல்லாம?"

"குழல் வரல ஆச்சி" என்றார் அக்கா. "மூணாவது பாட்டுல குழல் வரும். இன்னைக்கு வரல."

"குழலா? எந்தக் குழல்?"

ஆச்சி நியாயம் தெரிந்தவர். விசாரிக்காமல் யாரையும் பேச மாட்டார். மூன்றாவது பாட்டைப் போடச் சொல்லி முன்கூடத்தில் நின்று முழுக்கக் கேட்டார். மறுபடி போடச் சொல்லி அடுப்படியில் நின்று முழுக்கக் கேட்டார். குழல் இல்லை. பாகு காய்ச்சுகிற அம்மா அடுப்படியிலேயே இருப்பவர், அவரைக் கேட்டார். "நான் பாட்டையெல்லாம் கவனிக்கிறதில்ல ஆச்சி, எனக்குப் பாகு பதம் பாக்கவே சரியா இருக்கு" என்று அவர் நழுவிவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீதானே தெனம் செட்டுக்கிட்ட உக்காந்திருக்க. சொல்லு. இந்தப் பாட்டுல குழல் உண்டா?"

"இல்ல ஆச்சி. இந்தப் பாட்டுல எப்பவுமே குழல் கிடையாது."

அடித்துச் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. சூடம் அணைத்துக்கூடச் சொல்லியிருப்பேன். வயரை முறுக்கியது அப்போது என் நினைவுக்கே வரவில்லை. பெட்டி இரண்டும் பாடுகின்றனவே! மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ வழி தெரியாத ஊரில் பேருந்தை விட்டு இறங்கியவர் போல விழித்தார்.

"முந்தாநாள் வரைக்கும் கேட்டுச்சு ஆச்சி."

"கருகுனதுக்கு அடுப்பச் சொல்லு, வெறகச் சொல்லு, ஒத்துக்கிறேன். இல்லாத குழலச் சொல்லாத. வயசு முப்பதுதானே ஆகுது, அதுக்குள்ள காதுல இல்லாததெல்லாம் கேக்குதா?"

பெண் வீட்டு ஆச்சி களுக்கென்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் நாங்களும் சேர்ந்துகொண்டோம். நானும்தான்.

அன்றிலிருந்து அவருக்கு 'குழலக்கா' என்று பெயர் விழுந்தது. நேரில் யாரும் சொல்லவில்லை; ஆனால் அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்? மூன்று நாள் கழித்து, மாடத்திலிருந்த பெட்டியை அக்காவே கழற்றித் தூக்கிக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தார். "இது இங்கேயே இருக்கட்டும். எனக்குப் பாட்டு வேணாம்." அதன் பிறகு சட்டிக்கு நேரே நின்று, புகையில் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்துப் பார்த்துச் சுட்டார். பலகாரம் ஒருநாளும் தப்பவில்லை. ஆனால் "கேட்டதைக் கேட்டேன்னு சொல்லுவேன்" என்ற பேச்சு நின்றுபோனது. யார் வாசலில் வந்தாலும், "யாருன்னு போய்ப் பாரு" என்றார்.

அடுத்த வருசம் எனக்கு ஒரு வரன் வந்தது. காளையார்கோவில் பக்கத்துக்காரர்கள். பையனுக்குச் சென்னையில் வேலை, கை நிறையச் சம்பளம், கண்ணுக்கு லட்சணம். முறைப்படிப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று, பலகாரம் வாங்க வந்தவர்கள் போலப் பையனின் அம்மாவும் அத்தையும் எங்கள் பலகார வீட்டுக்கே வந்தார்கள். என் கையால் அதிரசம் வாங்கித் தின்றார்கள். ரெண்டாங்கட்டுக் குழாயில் கை கழுவிவிட்டுப் போனார்கள். எங்கள் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனார்.

"இங்குட்டு வா. ஒண்ணு சொல்றேன். நம்புறதும் நம்பாததும் ஒம்பாடு. அன்னைக்குக் கை கழுவ வந்தாகல்ல, அப்ப அத்தைக்காரி சொல்றா, 'மெட்ராசுல இருக்கவள பத்தி இப்ப வாயத் தொறந்துராத. தாலி ஏறட்டும், அப்பறம் பாத்துக்கலாம்.' அதுக்கு ஆத்தாக்காரி சொல்றா, 'புள்ளைய எங்க ஒளிக்க?' இவ்வளவுதான் கேட்டுச்சு. இதுக்கு மேல ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது."

வீட்டில் சொன்னதும் அம்மா ஆடித் தீர்த்துவிட்டார். "இல்லாத குழலக் கேட்டவ பேச்சக் கேட்டு நல்ல சம்பந்தத்தக் கெடுக்கவா? பொறாமை பிடிச்சவ!" அப்பாவும் அப்படித்தான் சொன்னார். நான் மட்டும் ஒரே பிடியாக நின்றேன். கஞ்சப் பிசினாரி என்று சொன்னது நான்தான் என்று தானே வந்து தலையைக் கொடுத்த பெண்பிள்ளை, எனக்கெதிராகக் கதை கட்டுவாரா? குழல் விசயத்தில் ஏதோ பிசகிவிட்டார். அது வேறு, இது வேறு என்று என் மனம் சொன்னது. சாப்பிடாமல் கிடந்து அடம்பிடித்து, தாய்மாமனைச் சென்னைக்கு அனுப்பி விசாரிக்க வைத்தேன். மாமா மூன்றாம் நாள் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "பொண்டாட்டி இருக்கா. மூணு வயசுல பொம்பளப் புள்ள இருக்கு. நானே கண்ணால பாத்துட்டு வந்தேன்."

அக்காவிடம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் கையை உருவிக்கொண்டு, "போய் வேலையப் பாருடி, எனக்கு எண்ணெ காயுது" என்றார். அந்த வருசமே வேலையை விட்டுவிட்டு அமராவதிபுதூரில் தம்பி வீட்டுப் பக்கம் போய்விட்டார். பிறகு எனக்குக் கல்யாணம், வேலை, மாறுதல் என்று காலம் ஓடிவிட்டது. நல்ல மனிதர் வாய்த்தார். அவருக்கும் எனக்கும் சண்டையென்றால் அது ஃபேனை எத்தனையில் வைப்பது என்பதோடு சரி. அதற்கெல்லாம் அக்காதான் காரணம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கூடவே, 'பாவம், அந்தக் குழல் ஒன்றில்தான் சறுக்கிவிட்டார், போகட்டும்' என்றும் நினைத்துக்கொள்வேன். முப்பது வருசமாக நான் அவரை மன்னித்துக்கொண்டு வந்திருக்கிறேன்! என்ன பெரிய மனசு பாருங்கள்.

இப்போது தட்டின் கதைக்கு வருகிறேன். கணவர் தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆசையாக ஒரு இசைத்தட்டுக் கருவி வாங்கினார். போன மாதம் கல்யாண நாளுக்கு எனக்கு ஒரு பரிசு என்று நீட்டினார். பார்த்தால், அந்தப் படத்துப் பாட்டு! மூல நாடாவைத் தேடியெடுத்து, இரைச்சலை நீக்கி ரீமாஸ்டர் செய்து, புதிதாகத் தட்டுப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். முதல் பாட்டிலேயே ஏதோ சலங்கை மாதிரி புதிதாகக் கேட்டது; சுத்தம் செய்ததில் வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்தது. ஒரு குழல் எழுந்து மேலே போய், ஒரு இடத்தில் நின்று, இறங்கி வந்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"என்னங்க இது? பாத்தீகளா இவனுக செஞ்ச வேலைய! நல்லா இருந்த பாட்டுல புதுசாக் குழலக் கொண்டாந்து சொருகியிருக்கானுக! கையில வெளக்கெண்ணெய ஊத்த! திருப்பிக் குடுத்துட்டு வாங்க மொதல்ல!"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைத் திருப்பிப் படித்தார். "ஏம்மா, அந்தக் காலத்துல வாசிச்சவங்க பேரு போட்டிருக்கு. குழல்னும் ஒருத்தர் பேரு இருக்கே. இது ஆதியிலேருந்தே இருக்குற குழல்தான்."

"எனக்குச் சொல்றீகளா? ஆயிரந் தடவை கேட்டிருக்கேன்!"

என்னோடு வாதாடி ஜெயிக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். பேசாமல் எழுந்துபோய் இடது பக்கப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு மூன்றாவது பாட்டை மறுபடி வைத்தார். வயலின் ஏறியது, தபலா ஒரு தட்டைத் தவறவிட்டது, சரணம் முடிந்தது, குழல் இல்லை.

"இதான்! இதான் என் பாட்டு!"

"அப்ப நீ கேட்டது பாதிப் பாட்டும்மா" என்றார். "இந்த மாதிரி ரெக்கார்டுல சில வாத்தியத்த வலது பெட்டிக்கும் சிலத இடது பெட்டிக்கும் பிரிச்சுக் குடுத்திருப்பாங்க. ரெண்டையும் ஒரே ரூம்ல வச்சுக் கேட்டாத்தான் முழுப் பாட்டு."

ஆச்சி பெட்டிகளைப் பிரித்து வைத்த கதையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எனக்கு ஆயுத பூசை ஞாபகம் வந்தது. உடைந்த பக்கம் அடுப்படிப் பெட்டியின் பக்கம். இரண்டு வயரையும் நான் செருகியது முன்கூடத்துப் பக்கத்தில். அக்காவின் குழலை அந்த வீட்டிலிருந்தே எடுத்துவிட்டு, மறுநாள் ஆச்சி முன்னால் நின்று அப்படி ஒரு குழலே கிடையாது என்று அடித்துச் சொன்னவள் நான். எழுந்துபோய்ப் பாட்டை நிறுத்தினேன்.

பலகார வீட்டை இப்போது ஆச்சியின் மகள் நடத்துகிறார். அவரிடம் விசாரித்து, அந்த ஞாயிற்றுக்கிழமையே அமராவதிபுதூருக்குப் போனோம். அக்கா நிலைப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "யாரது?" என்றார். நான் வாயைத் திறந்து "அக்கா" என்றதும், "ஏ, நீயாடி!" என்று எழுந்துவிட்டார். பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

காப்பி வருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வயர், பெட்டி, பாதிப் பாட்டு, நான் செய்த அழிச்சாட்டியம் எல்லாம். அக்கா வெங்காயத் தோலை முறத்தில் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். என் கணவர் ஹெட்போனை அவர் காதில் மாட்டி, போனில் மூன்றாவது பாட்டைப் போட்டுவிட்டார்.

அக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கேட்டார். ஒரு இடத்தில் அவருடைய இடது கை எழுந்து ஹெட்போனை அழுத்திப் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கழற்றினார். வெங்காயத்தால் வந்தது என்று சொல்லவே முடியாத கண்ணீர்.

"எனக்கு மண்டை கொழம்பிப்போச்சுன்னே நெனச்சேன்டி" என்றார். "எங்க பெரியாத்தாவுக்கு அப்படித்தான், இல்லாத ஆளு கூப்புடுற மாதிரி கேக்கும். அவ மாதிரி ஆயிருவோமோன்னு எத்தன ராத்திரி அழுதிருக்கேன் தெரியுமா? அதுக்கப்பறம் ஒரு பாட்டு முழுசாக் கேட்டதில்ல. எங்க இல்லாததக் கேட்டுருவேனோன்னு பயம்."

"அக்கா, என்னைய மன்னிச்சிருங்கக்கா."

"ஒனக்கு வந்த வரன் பேச்சு காதுல விழுந்துச்சுல்ல. ரெண்டு நாளு ஒங்கிட்ட சொல்லல. ஏன் தெரியுமா? மெய்யாவே பேசுனாகளா, எங்காதுதான் பேசுச்சான்னு எனக்கே தெரியல. தப்பாச் சொல்லி ஒன் கல்யாணத்தக் கெடுத்துட்டா? ஒரு தடவைக்கு நூறு தடவை யோசிச்சேன். அப்பறம், ஏற்கெனவே பேரு கெட்டுப்போச்சு, இன்னும் கொஞ்சம் கெட்டா என்ன, புள்ள பொழச்சாப் போதும்னு வந்து சொன்னேன்."

அந்தக் காதைக் கெடுத்தவள் நான். அவரே நம்பாத அந்தக் காதை வைத்துத்தான் அவர் என் வாழ்க்கையைக் காப்பாற்றியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் பயந்து சும்மா இருந்திருந்தால்? அவர் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"அதெல்லாம் வேணாம். ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு எத்தன பேரு முன்னாடி இல்லைன்னு சொன்ன?"

"ஏழெட்டுப் பேரு இருந்தோம்க்கா. நம்ம ஆச்சி போய்ச் சேந்துட்டாக. மிச்சப் பேரு எங்க எங்க இருக்காகளோ."

"இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு மட்டும் தெரிஞ்சு என்னடி ஆகப்போகுது? அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் சொன்னீல்ல. இதையும் எல்லாரு முன்னாடியும் சொல்லு. எம்பேரப் போட வேணாம். சிரிச்சவுகளுக்குத் தெரியும் யாருன்னு."

அதனால்தான் எழுதுகிறேன். காரைக்குடியில் அந்தப் பலகார வீட்டில் அன்று காலை நின்றுகொண்டிருந்தவர்களே, உங்களில் யார் கையில் இது கிடைத்தாலும் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். மூன்றாவது பாட்டில், இரண்டாவது சரணம் முடிந்ததும் குழல் வருகிறது. அக்கா சொன்னது சரி. வயரைத் தப்பாகச் செருகியவள் நான்.